பிள்ளைப் பொய்யும் பிரம்பும்

நம் கல்லூரிப் பழைய மாணவர் கூடுமிடத்துத் தம் உபாத்தியாயர்களைப் பற்றிய பேச்செழுமாயின், "அவர் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார்" என்னும் புகழுரை தவறாது எழும். அப்புகழில் எனக்கும் ஆசையிருந்தது. ஹற்றன் பகுதியில் ஒரு தோட்டப் பாடசாலையிற் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் அவ்வாற்றல் என்னிடமும் உண்டென்றே நம்பினேன்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுவன். மாதந்தோறும் மூன்று நான்கு நாள் வரமாட்டான். கேட்டால் "காய்ச்சல், சேர்" என்பான், நானும் நம்பிவிடுவேன். ஒரு நாள் மட்டும், "தங்கச்சியப் பாத்துக்கிட்டேன் சேர், அம்மா கொழுந்தெடுக்கப் போயிருச்சு" என்றான். கண் தாழ்ந்தது, நாக் குழறியது. இதுவே பொய்யெனத் தீர்த்துப் பிரம்பை எடுத்தேன். அன்று மாலை அவன் லயத்துக்குச் சென்ற பின்னரே, காய்ச்சலெல்லாம் பொய், தங்கை ஒருத்தியே மெய் என்பது விளங்கிற்று. சளி பிடித்த குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஏற்கவில்லை. தாய் வேலைக்குப் போகாவிடின் அன்றைக்குப் பேரில்லை. அதன்பின் அவன் என்னிடம் மெய் சொல்லவேயில்லை. என் கண்ணை நேரே நோக்கிக் காய்ச்சலென்று சொல்லப் பழகிக்கொண்டான். அக்கலையை அவனுக்குக் கற்பித்தவன் நானே. பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தடுத்த 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைக்கு முன் நிகழ்ந்தது இது. சட்டம் என்னைத் தடுக்கவில்லை என்பது எனக்கு ஆறுதலாகாது.

முகக்குறி கண்டு தீர்க்கும் நம் ஆற்றல்தான் எத்துணைத்து? பாண்ட், டிபவுலோ என்னும் உளவியலார் இருவர் இத்துறையில் வெளிவந்த 200க்கு மேற்பட்ட ஆய்வறிக்கைகளைத் திரட்டி 2006இல் வெளியிட்ட முடிவின்படி, மக்கள் சரியாகத் தீர்ப்பது நூற்றுக்கு 54 முறை. காசைச் சுண்டினாலே 50 கிட்டும்! பிள்ளைகளின் பொய்யைப் பற்றிய பிற்கால ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. அஞ்சியவன் கண்ணும் பொய்யன் கண்ணும் ஒன்றுபோலவே தாழும்.

பொய் அகப்படுவது பேச்சிலேதான். விக்டோரியா டால்வார், காங் லீ ஆகியோர், பின்னால் வைத்த பொம்மையைத் திரும்பிப் பாராதிருக்கும்படி சிறுபிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வெளியே சென்றனர். பெரும்பாலோர் பார்த்தனர், பார்த்தவருட் பலர் பார்க்கவில்லையென்றனர். "அப்படியாயின் அது என்னவாயிருக்கும்?" என்று கேட்டபோது, ஐந்து வயதுக்குட்பட்டோரிற் பெரும்பாலோர் பொம்மையின் பெயரையே சொல்லிவிட்டனர். ஆறேழு வயதினருட் பாதிப்பேர் வரை அறியாதவர்போல நடித்தனர். பிறர் மனத்தில் இருப்பது வேறு, தன் மனத்தில் இருப்பது வேறு என்றுணரும் அறிவு வளர்ந்தாலன்றிப் பொய் சொல்லவியலாது. ஆகவே பிள்ளையின் முதற்பொய் கேட்டு வீடு இடிந்துவிட்டதுபோல அலற வேண்டியதில்லை.

அவ்விருவரே மேற்கு ஆபிரிக்காவில் இரு பாடசாலைகளை ஒப்பிட்டு 2011இல் எழுதிய கட்டுரையை நம்மனோர் கட்டாயம் அறிதல் வேண்டும். ஒன்றில் அடியுண்டு, மற்றதில் இல்லை. அடியுள்ள பாடசாலையின் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளே மிகுதியாகப் பொய் சொன்னார்கள். சொன்ன பொய்யைத் திறமையாகக் காத்துக்கொள்ளவும் செய்தார்கள்.

வீட்டையும் விட்டுவிடலாகாது. தவணைப் பணக்காரர் லயத்து வாசலில் நிற்க, "அப்பா இல்லையின்னு சொல்லு" என்று உள்ளிருந்து மெல்லச் சொல்லப்படுகிறது. பிள்ளை செவ்வனே சொல்லிவிட்டு வருகிறது. அன்றைக்கு அது கெட்டிக்காரப் பிள்ளை. மறுநாள் அதே வாய் என்னிடம் காய்ச்சலென்றால் அடியா?

தமிழாசிரியனாகிய நான் 'புலி வருது' கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். 2014இல் வெளிவந்த ஆய்வொன்றில், பொய்யன் தண்டனையுறும் இவ்வகைக் கதை பிள்ளைகளை மெய் சொல்லச் செய்யவில்லை. மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்ட மகனைத் தந்தை பாராட்டும் கதையே பயன் தந்தது. காந்தியடிகள் பதினைந்து வயதிற் பொன் திருடியதை எழுதிக் கொடுத்தபோது, தந்தையார் அடிக்கவில்லை. கண்ணீர் வடித்துக் கடிதத்தைக் கிழித்தார். இப்பொழுது நான் புலியை விட்டு இதனைச் சொல்கிறேன்.

இந்நாளில் நான் "ஏன் வரவில்லை?" என்று கேட்பதில்லை, "வீட்டிலே யாருக்குச் சுகமில்லை?" என்றே கேட்கிறேன். வராதோர் காரணத்தை ஒரு கொப்பியிற் குறித்து வருகிறேன். அதிற் காய்ச்சல் அருகிவிட்டது. தங்கை, தம்பி, விறகு, சப்பாத்தில்லை என்பனவே மிகுந்திருக்கின்றன. தோட்டங்களில் உத்தியோகம் வகிக்கும் பழைய மாணவர் எவரேனும் வந்தால் அக்கொப்பியைக் காட்டச் சித்தமாயிருக்கிறேன். சளி பிடித்த குழந்தைக்குப் பிள்ளைக் காம்பராவில் ஒரு மூலை ஒதுக்க அவர்களால் இயலும்.