ஒரே ஒரு மார்க் எழுதிய ரேங்க் கார்டு



நேற்றுக் காலை கைலாசபுரத்தில் நடந்துகொண்டிருந்தேன். எதிரில் வந்த பழைய மாணவன் ஒருவன் கைபேசியைக் காட்டி, "சார், காற்றுத் தரக் குறியீடு நூறுக்குள்ளதான் இருக்கு, தைரியமா நடங்க" என்றான். பக்கத்தில் யாரோ குப்பையை எரித்த புகையில் எனக்கோ மூச்சு இழுத்தது.

அளவுக் கருவி வேறெங்கோ இருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று பலருக்கும் தெரியாது. 2015 முதல் நம் நாட்டில் வழங்கும் இந்தக் குறியீட்டில் நுண்துகள், நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன், கார்பன் மோனாக்சைடு என எட்டு மாசுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி எண் போட்டு, எது மிக மோசமோ அதை மட்டும் அன்றைய குறியீடு என்று சொல்கிறார்கள். மற்றவற்றைக் கூட்டுவதில்லை.

ஒரு பையன் கணக்கில் 40, மற்றதில் எல்லாம் 90. இன்னொருவன் எல்லாப் பாடத்திலும் 40. குறைந்த மார்க்கை மட்டும் கார்டில் எழுதினால் இருவரும் ஒன்றா?

நம் உடம்பு எல்லா மாசையும் சேர்த்துத்தான் சுவாசிக்கிறது. நுண்துகள் காற்றறை வரை போய் அழற்சியை உண்டாக்கி இரத்தக் குழாய்களையும் பாதிக்கிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை உறுத்துகிறது. கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இத்தனையும் ஒரே நேரத்தில் தாக்கினால் பலவீனமான இதயம் என்ன செய்யும்? 1952 டிசம்பரில் லண்டனில் நிலக்கரிப் புகையும் கந்தக டை ஆக்சைடும் மூடுபனியில் கலந்தன. அன்றைய கணக்குப்படியே சுமார் 4,000 பேர் இறந்தார்கள்.

கனடாவில் நுண்துகள், ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு மூன்றின் பாதிப்பையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்கிறார்கள். நாமும் அப்படிக் கேட்க வேண்டும். தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் திருச்சியும் இருக்கிறது. ஆனால் அதன் இலக்கு துகளைக் குறைப்பதுதான். துகள்தான் பெரிய எதிரி, மறுக்கவில்லை. அதற்காக மற்றதை மறந்துவிடலாமா?

அதுவரை, இதய நோயும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். புகை வாடை வந்தால் வீட்டுக்குத் திரும்புங்கள். தஞ்சாவூர் ரோட்டு நெரிசல் நேரத்தில் அங்கே நடக்காதீர்கள். போகிக்கு டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்காதீர்கள். ஒரு நெருப்பை அணைத்தால் அதிலிருந்து வரும் எல்லா மாசும் சேர்ந்தே குறையும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் வாத்தியார்