நிலுவை 1080 வராகன்

சரித்திரப் படங்களைப் பற்றி நம் சிறுபத்திரிகை வட்டத்தில் இரண்டே அபிப்பிராயங்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, அவை குப்பை, பேசத் தகுதியற்றவை என்பது. மற்றது, அவை சரித்திரத்தைத் திரித்துவிட்டன, உண்மை ஆவணங்களில் இருக்கிறது என்பது. முதலாவது சோம்பலில் பிறந்த அபிப்பிராயம். இரண்டாவது, ஆவணங்களைப் படித்தேயிராதவர்களுடையது. படித்தவர்கள் அவ்வளவு பக்தியோடு பேசமாட்டார்கள். நான் பிழைப்புக்காக நாள் முழுவதும் ஆவணங்களோடு கிடப்பவன். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, நகைக் கடன் சீட்டு. இவற்றில் எழுதியிருப்பது எதுவும் பொய்யில்லை. ஆனாலும் ஒரு குடும்பம் ஏன் தாலிக்கொடியை அடகு வைக்கிறது என்பது எந்தக் கட்டத்திலும் எழுதப்படுவதில்லை, கட்டம் இல்லாத காரணத்தால்.

ஆகவே படமா ஆவணமா என்ற கேள்வியே எனக்கு அபத்தமாகத் தெரிகிறது. படம், சட்டப் புத்தகம், பழங்கதை ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் என்ன என்பதுதான் என் கேள்வி. அதை யாரும் செய்வதில்லை. சினிமாவைப் பற்றி எழுதுகிறவர் ரெகுலேஷன்களைப் புரட்டமாட்டார், வக்கீல் கதைப்பாடலைத் தொடமாட்டார், நாட்டார் வழக்காற்று ஆய்வாளரோ கதைப்பாடல் மக்களின் குரல் என்று சொல்லி டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

கட்டபொம்மனை எடுத்துக்கொள்கிறேன். திருமயத்தில் இருந்துகொண்டு அந்தச் சகோதரர்களைத் தவிர்ப்பது கஷ்டம். இங்கே உள்ள கோட்டைக்கு ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் ஊமையன் கோட்டை. காரைக்குடி போகும் வண்டிகள் கோட்டைச் சுவரோரத்துப் பைரவரிடம் நின்று தேங்காய் உடைத்துவிட்டுப் போகின்றன. வண்டியிலிருந்து இறங்கும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் மேலே கையைக் காட்டி ஊமைத்துரை கட்டிய கோட்டை என்கிறார்கள். கோட்டையைக் கட்டியவர் கிழவன் சேதுபதி, 1687-ல். ஊமைத்துரை பிறப்பதற்கு வெகு காலம் முன்பு. பிற்பாடு அது இராமநாதபுரத்து வாரிசுச் சண்டையில் தொண்டைமானிடம் கை மாறியது. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த தொண்டைமானின் கோட்டைக்கு அவன் தம்பியின் பெயரை ஜனங்கள் வைத்திருக்கிறார்கள். இதை அறியாமை என்று தள்ளுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. பட்டாவில் ஒருவர் பெயர் இருக்க, அனுபோகத்தில் இன்னொருவர் இருப்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

1959-ல் பந்துலு எடுத்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்கு வருவோம். சிவாஜி கணேசனுக்கு 1960-ல் கெய்ரோவில் விருது வாங்கித் தந்த படம். ஜாக்சனோடு நடக்கும் அந்த வரி விவகாரக் காட்சியைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களில் எத்தனையோ பையன்கள் ஒட்டுமீசையோடு அதை முழங்கியிருக்கிறார்கள். அந்தச் சந்திப்பு நிஜமாகவே நடந்தது. 1798 செப்டம்பரில், இராமநாதபுரத்தில். என்ன நடந்தது?

கணக்குப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

1798 மே 31 வரைக்கும் பாஞ்சாலங்குறிச்சி பாளையம் கட்ட வேண்டிய பாக்கி 3310 வராகன். கலெக்டர் ஜாக்சன் வரச்சொல்லி உத்தரவு போடுகிறான். கட்டபொம்மன் குற்றாலம் போகிறான், பேட்டி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறான், அங்கும் இல்லை. கடைசியில் இராமநாதபுரத்தில் பேட்டி கிடைக்கிறது. மூன்று மணி நேரம் நிற்க வைக்கப்படுகிறான். கணக்கைச் சரிபார்த்ததில் பெரும்பகுதி ஏற்கனவே கட்டியாகிவிட்டது என்று தெரிகிறது. நிலுவை 1080 வராகன்.

திரையில் ஒரு காசுகூடத் தரமாட்டேன் என்ற தோரணையில் நிற்பவன், கணக்கில் 2230 வராகன் கட்டியவன். இதை வைத்துக்கொண்டு, பார்த்தீர்களா, அவன் வீரனே இல்லை என்று சொல்ல ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது. தமிழ்வாணன் ‘கட்டபொம்மன் கொள்ளைக்காரன்’ என்று புத்தகமே போட்டார். நான் சொல்வது அதுவல்ல, அதற்கு நேர் எதிர். கட்டியவனை நிற்க வைப்பதில்தான் விஷயமே இருக்கிறது. கட்டாதவனை அவமானப்படுத்துவது வசூல். கட்டியவனை அவமானப்படுத்துவது ஆட்சி. முதல் கவுண்டருக்குப் போ, அங்கே ஆள் இல்லை, மூன்றாவதற்குப் போ என்று ஒருவரை இரண்டு நாள் அலையவிட்டு, பிறகு ஏன் வரவில்லை என்று நோட்டீஸ் அனுப்பும் அலுவலகங்களை நாம் எல்லோரும் அறிவோம். அந்த அலைச்சலுக்கும் நிற்றலுக்கும் நடுவில் ஒரு மனிதனுக்குள் என்ன நடக்கிறது என்பது எப்பேர்ப்பட்ட நாடகம்! சக்தி கிருஷ்ணசாமியின் வசனம் அதைத் தொடவே இல்லை. வசனம் அங்கே மனிதனை நிற்கவிடாமல் பேசவிடுகிறது. பேசினவுடன் பார்வையாளனுக்கு எல்லாம் தீர்ந்துவிடுகிறது. வரி யாருக்கு, எந்த அதிகாரத்தில், எந்த உடன்படிக்கைப்படி என்ற கேள்விகள் கைதட்டலில் கரைந்துபோகின்றன.

உடன்படிக்கை என்றேன். 1792-ல் ஆர்க்காட்டு நவாபோடு கம்பெனி செய்துகொண்ட ஏற்பாட்டின்படி பாளையக்காரர்களிடம் பேஷ்குஷ் வசூலிப்பது கம்பெனி, வசூல் நவாபின் பேரில். அதாவது ஜாக்சன் ஒரு கடன் வசூல் ஏஜெண்டின் ஆள். 1801 ஜூலை 31-ல் இன்னொரு உடன்படிக்கை. கர்நாடகம் முழுவதும் ஏஜெண்டின் கைக்குப் போனது. ஒன்பதே வருஷத்தில் வசூல்காரன் உடைமைக்காரன் ஆகிவிட்டான். வெள்ளைக்காரன் நாட்டைப் பிடித்தது வாளால் என்று படம் சொல்கிறது. பேரேட்டால் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் புரிந்துகொள்ளும் சக்தியை அந்த ஒரு காட்சி இரண்டு மூன்று தலைமுறைத் தமிழர்களிடமிருந்து பறித்துவிட்டது. இதுதான் என் புகார். தேதி தப்பு, உடை தப்பு என்கிற புகார்களை சரித்திரப் பேராசிரியர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

இராமநாதபுரத்தில் அன்று கைகலப்பு ஆகி, லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டான். கட்டபொம்மன் தப்பினான், அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். அடுத்து அவன் செய்ததுதான் நமக்கு விழுங்கக் கஷ்டமாக இருக்கும். சென்னைக் கவுன்சிலுக்கு மனு எழுதினான். கவுன்சில் விசாரணைக் கமிட்டி போட்டது. பிரௌன், ஓரம், காசாமேஜர் என்ற மூன்று வெள்ளைக்காரர்கள் விசாரித்தார்கள். கலகம் செய்ததாகச் சொன்ன குற்றச்சாட்டு நிற்கவில்லை. பிள்ளை விடுதலையானார், ஜாக்சன் பதவி இழந்தான். மனு போட்டு ஒரு கலெக்டரின் வேலையைப் போக்கியவன் கட்டபொம்மன்! இது வீரத்தில் சேர்த்தியில்லை என்றால் எது சேர்த்தி? ஆனால் மனு எழுதுவது நம் கற்பனையில் கையாலாகாதவன் காரியம். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் காகிதத்தோடு நிற்கிற ஜனங்களைப் பற்றி நம் கதைகளில் எழுதும்போதுகூடப் பரிதாபமாகத்தான் எழுதுகிறோம். அவர்களில் சிலர் ஜெயிக்கிறார்கள் என்பது நமக்கு உறுத்துகிறது போலும்.

மனுவுக்கு ஒரு வருஷ ஆயுள்தான். புதுக் கலெக்டர் லஷிங்டன், மறுபடி அழைப்பு, மறுபடி மறுப்பு. 1799 செப்டம்பரில் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சி மேல் வந்தான். தப்பியோடிய கட்டபொம்மனைப் புதுக்கோட்டைச் சீமைக் காட்டில் தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கொடுத்தார்கள். அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் பாளையக்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு பானர்மன் ஒரு விசாரணை நடத்தினான். அன்றைக்கே தூக்கு. எந்தச் சட்டப்படி? ஜமீன்களுக்கும் அதாலத்துகளுக்கும் கம்பெனி சட்டம் எழுதி வெளியிட்டது 1802-ல். நிரந்தரத் தீர்வைக்கான 25-வது ரெகுலேஷனும் அந்த வருஷத்தது. கயிறு முதலில் வந்தது, புத்தகம் மூன்று வருஷம் கழித்து வந்தது. அந்த ரெகுலேஷன்களின் நடையைப் படித்துப் பாருங்கள். எவ்வளவு நிதானம், எவ்வளவு சாந்தம்! குடிகளின் க்ஷேமத்தில் எத்தனை அக்கறை! எழுதின மை காய்வதற்குக் கொஞ்சம் முன்னால்தான் தென்சீமை முழுக்கத் தூக்குமரங்கள் நின்றன என்று ஒரு வாக்கியத்திலும் தெரியாது. ஆவண உண்மை என்று பேசுகிற நண்பர்கள் இந்த சாந்தத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சமாசாரத்துக்கு எங்கள் மலையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. குடுமியான்மலையில் உள்ளதைப் போன்ற சங்கீதக் கல்வெட்டு ஒன்று திருமயம் சிவன் குகையிலும் இருந்தது. பின்னால் வந்தவர்கள் அதைச் சிதைத்து மேலே வேறு சாசனம் வெட்டிவிட்டார்கள். இன்று மிஞ்சியிருப்பதில் பரிவாதினி என்ற யாழின் பெயர் தெரிகிறது. அதே மலையில் சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் இருந்த நெடுநாள் வழக்கை 1245-ல் ஹொய்சள தளபதி அப்பண்ண தண்டநாயகர் தீர்த்துவைத்ததும் கல்லில் இருக்கிறது. தீர்ப்பு பிழைத்திருக்கிறது, ராகம் போய்விட்டது.

பழங்கதை சட்டத்தை அறியாதது என்றும் நினைத்துவிட வேண்டாம். சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில் கண்ணகி ஜெயிப்பது பேச்சால் அல்ல, தடயத்தால். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப்பரல், என் சிலம்பில் மாணிக்கப்பரல் என்று நிரூபித்து ஜெயிக்கிறாள். விசாரிக்காமல் கொன்றதுதான் அரசன் செய்த குற்றம். ஒரு நல்ல செஷன்ஸ் வக்கீல் ரசிக்கக்கூடிய காட்சி. 1942-ல் புதுக்கோட்டைக்காரர் சின்னப்பா கோவலனாக நடித்த ‘கண்ணகி’யில் இளங்கோவன் வசனத்தை அவிழ்த்துவிட்டார். 1964-ல் ‘பூம்புகார்’ வந்தபோது பரல்கள் வெறும் சாக்காகிவிட்டன, வாதமே கதாநாயகி. (இந்தச் சின்னப்பா படத்தில் சம்பாதித்ததையெல்லாம் புதுக்கோட்டையில் வீடுகளாக வாங்கிப் போட, இனி வாங்கக்கூடாது என்று சமஸ்தானம் உத்தரவு போட்டது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். சினிமாவும் சட்டமும் நேருக்கு நேர் சந்தித்த கதை.)

எட்டப்பன் விவகாரம் இன்னும் ருசியானது. காட்டிக்கொடுப்பவனுக்குத் தமிழில் இன்று எட்டப்பன் என்பதே பொதுப்பெயர். பிடித்துக் கொடுத்த தொண்டைமானின் பெயர் வசைச்சொல் ஆகவில்லை. நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் சம்பளம் வாங்குகிறவன் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது. பாளையக்காரர் போரில் செய்த உதவிகளுக்காக 1803-ல் கம்பெனி தொண்டைமானுக்குக் கீழாநிலைக் கோட்டையையும் சீமையையும் கொடுத்தது. பராதீனம் செய்யக்கூடாது, வருஷத்துக்கு ஒரு யானை கப்பம் கட்ட வேண்டும் என்று நிபந்தனை. அந்த யானையை யாரும் வற்புறுத்திக் கேட்கவில்லை. 1836-ல் முறைப்படி தள்ளுபடியும் செய்துவிட்டார்கள். 1080 வராகனுக்கு மூன்று மணி நேரம் நிற்க வைத்த அதே கம்பெனி, முப்பது சொச்சம் யானைகளைச் சத்தமில்லாமல் பற்று எழுதிக் கழித்தது. எந்த வசனகர்த்தாவும் இதைவிடக் கூர்மையாக எழுதமுடியாது. படத்தில் வில்லனுக்கு முகம் வேண்டும். பேரேட்டில் வேண்டியதில்லை. எட்டயபுரத்துக்கு முகம் கொடுத்ததில் புதுக்கோட்டை தப்பித்துக்கொண்டது.

ஊமைத்துரை இருக்கிறானே, அவன்தான் என் கட்சி. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து வெளியேறி, தரைமட்டமாக்கிய கோட்டையைச் சில நாட்களில் மறுபடி எழுப்பி, மே மாதம் வரை கம்பெனிப் பட்டாளத்தைத் தடுத்து நிறுத்தியவன். அண்ணனுடையதைவிட எத்தனையோ பெரிய யுத்தம். எதிர்த்தரப்பில் சண்டை போட்ட வெல்ஷ் என்ற ராணுவ அதிகாரி 1830-ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் அவனைப் பற்றி எழுதுகிறார். பேச வராதவன். சில துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்குவான், அவை வெள்ளைக்காரப் படை. மற்றக் கையால் ஒரு வீச்சு, வாயால் ஒரு சீறல். துரும்புகள் பறந்துவிடும். உத்தரவு முடிந்தது. ஜனங்கள் அவன் பின்னால் போனார்கள். வசனத்தில் வாழும் நம் சினிமாவுக்கு இவனைத் தம்பியாக மட்டுமே தெரியும். கோட்டைக்குப் பெயர் வைத்த ஜனங்களுக்கு அப்படியில்லை. அண்ணன் பெயரை அவர்கள் வைத்திருக்கலாம், வைக்கவில்லை.

இப்போது நம் விஷயம். எழுபதுகளில் வானம்பாடிகள் வந்தபோது இது கவிதையில்லை, மேடைப்பேச்சு என்று நம் முன்னோடிகள் எழுதினார்கள். சரியாகத்தான் எழுதினார்கள். ஆனால் இன்று நம் பக்கங்களில் வருகிற கவிதைகளை எடுத்துப் பாருங்கள். அதிகாரத்தை எதிர்க்கிற கவிதை என்றால் யாரோ ஒரு ஜாக்சன் எதிரே நிற்கிறான், கவிஞர் மார்பை நிமிர்த்திக் கேள்வி கேட்கிறார். மோனை இல்லை, மீசை இல்லை, வரிகள் உடைந்திருக்கின்றன. மற்றபடி அதே காட்சி. மூன்று மணி நேரம் நிற்கிறவன் எங்கே? கட்டியும் நிலுவை காட்டப்படுகிறவன் எங்கே? சினிமாவைக் குப்பை என்று ஒதுக்கியவர்களுக்கு உள்ளே அந்த சினிமா ஓடிக்கொண்டிருப்பது தெரியவில்லை. வணிகப் பத்திரிகைக்காரன் தெரிந்தே செய்கிறான், நாம் தெரியாமல் செய்கிறோம். எது மோசம் என்று நண்பர்கள் சொல்லட்டும்.

நாட்டார் பாடலிலிருந்து நாலு சொல்லை எடுத்துப் படிமம் பண்ணுவதும் விமோசனம் இல்லை. நா. வானமாமலை கட்டபொம்மு கதைப்பாடலைப் பதிப்பித்துக் கொடுத்து ஐம்பது வருஷம் ஆகப்போகிறதோ, ஆகிவிட்டதோ. நம் வட்டத்தில் அதை முதலிலிருந்து கடைசிவரை படித்தவர்கள் கையைத் தூக்கலாம்.

ஜாக்சனின் கடிதங்கள், கமிட்டியின் விசாரணை, பானர்மனின் அறிக்கை எல்லாம் எழும்பூர் ஆவணக்காப்பகத்துக்குப் போகிற தூரத்தில்தான் இருக்கின்றன. அவற்றில் ஒரு ஐம்பது பக்கத்தை யாராவது தமிழில் கொண்டுவந்து இந்தப் பத்திரிகையில் தொடராகப் போடவேண்டும். கவிதைப் பக்கங்களைக் குறைத்துக்கொண்டு போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் கவிதை ஒன்று ஆசிரியரிடம் ஆறு மாதமாக இருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.