விட்டுவிடுகிறேன் என்று சொன்ன பிறகு

பாஸ்கா இரவில் கோயில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுவார்கள். வெளியே மூட்டிய நெருப்பிலிருந்து பெரிய திரியை ஏற்றி உள்ளே கொண்டுவருவார்கள். அதிலிருந்து ஒருவர் மெழுகுவத்தியில் இன்னொருவர் பற்றவைக்க, கொஞ்ச நேரத்தில் கோயில் முழுக்க வெளிச்சம் பரவும். அந்த வெளிச்சத்தில்தான் பங்குச்சாமியார் எல்லாரையும் பார்த்துக் கேட்பார்: சாத்தானை விட்டுவிடுகிறீர்களா, அவன் செயல்களை விட்டுவிடுகிறீர்களா என்று. எல்லாரும் ஒரே குரலில் "விட்டுவிடுகிறேன்" என்போம்.

மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம் தாண்டிக் கரிசல் தொடங்குகிற பக்கம் எங்கள் ஊர். சின்ன வயதில் அந்த ஒரு வார்த்தையை நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அப்புறம் பூசை முடியும். மெழுகுவத்தியை அணைத்துவிட்டு அவர்கள் அவர்கள் தெருவுக்குப் போவார்கள். நாங்கள் எங்கள் தெருவுக்கு வருவோம். சாத்தானை விட்டாயிற்று. தெரு அப்படியேதான் இருந்தது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? ஒவ்வொரு தவக்காலத்திலும், ஒவ்வொரு உபவாசக் கூட்டத்திலும் 'உலகத்தை எதிர்த்து நில்லுங்கள்' என்ற பிரசங்கம் கேட்கிறது. மதுரையின் எந்தப் புறநகரிலும் ஒரு சுவரொட்டியாவது கண்ணில் படும். உலகம் என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். சினிமா உலகம். குடி உலகம். கைப்பேசி உலகம். சில பெந்தெகொஸ்தே சபைகளில் பூவும் பொட்டும் நகையும்கூட உலகம். கல்யாணத்தன்று ஒரு பொட்டுத் தங்கம் இல்லாமல் வெள்ளைப் புடவையில் நிற்கிற மணப்பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். அந்த உறுதியைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் அதே சபைக் குடும்பங்கள் கொடுக்கிற மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். இரட்சிக்கப்பட்டிருக்க வேண்டும், அபிஷேகம் பெற்றிருக்க வேண்டும், கூடவே இன்ன சாதியாகவும் இருக்க வேண்டும். காதில் கிடக்கிற கம்மல் உலகம் என்றால், சாதி எது? பரலோகமா?

இந்தக் கேள்விக்கு மதுரையில் நானூறு வருடத்துக்கு முன்பே ஒரு பதில் சொல்லப்பட்டது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி, ஏற்கெனவே இங்கே இருந்த பரதவ கிறிஸ்தவர்களின் கோயிலிலிருந்து தன்னைத் தனியாகப் பிரித்துக்கொண்டார். காவி உடுத்தினார், மரக்கறி உண்டார், பார்ப்பனச் சமையல்காரர் வைத்துக்கொண்டார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மேல்சாதியார் பூணூலையும் குடுமியையும் வைத்துக்கொள்ளலாமா என்ற வழக்கு ரோம் வரை போனது. 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அனுமதித்தார். வாதம் இதுதான்: அவை மதச் சின்னங்கள் அல்ல, வெறும் உலக வழக்கங்கள்.

தமிழ்மீது தெ நொபிலிக்கு இருந்த பற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டு சாதிக்குச் சாதி தனிக் குருக்கள் வந்தார்கள். மேல்சாதியாரிடம் போகிற குரு ஒருவர், மற்றவர்களிடம் போகிற பண்டாரசாமி இன்னொருவர். பிறகு ஒடுக்கப்பட்டோருக்கென்றே தனிக் குருக்கள். ஒரே கர்த்தர், ஒரே ஞானஸ்நானம், வேறு வேறு வாசல்.

இதில் உள்ள வேடிக்கையைப் பாருங்கள். சாதி உலக வழக்கம்தானே, ஆகவே விட்டுவைக்கலாம் என்றார்கள். சினிமா உலக வழக்கம், ஆகவே எதிர்க்க வேண்டும் என்கிறார்கள். உலகம் என்ற சொல் ஒன்றுதான். சாதி என்று வரும்போது அது மன்னிப்பு ஆகிறது. மற்றதற்கெல்லாம் குற்றச்சாட்டு ஆகிறது. இந்த உலகத்தின் அச்சில் உங்களை வார்த்துக்கொள்ளாதீர்கள் என்று ரோமருக்கு எழுதிய பவுல், இந்த விலக்கை யாருக்கும் கொடுத்ததாகத் தெரியவில்லை. இன்னும் சொல்லப்போனால், பவுல் பேதுருவோடு முகத்துக்கு நேரே சண்டை போட்டது சாப்பாட்டு விஷயத்துக்காக. அந்தியோக்கியாவில் யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு மெல்ல நழுவினார். பவுல் அதைச் சும்மா விடவில்லை. பந்தியில் பிரிந்து உட்காருவது நற்செய்திக்கே துரோகம் என்பது கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. நம் ஊர்ப் பிரசங்கங்களில் இந்த அதிகாரம் அதிகம் காதில் விழுவதில்லை.

ஆனால் விழுந்த காலமும் உண்டு, அதுவும் மதுரையிலேயே. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், 1847இல் ஒரு முடிவெடுத்தது. நற்கருணை பெறுகிறவர் சாதியை விட வேண்டும். விட்டதற்குச் சாட்சி? எல்லாச் சாதியாரும் சேர்ந்து உண்கிற அன்பின் விருந்து. உபதேசியார்களும் சபையாரும் பலர் மறுத்தார்கள், விலகினார்கள், விலக்கப்பட்டார்கள். சிலை வணக்கத்தை விட்டவர்கள், ஊர் உறவை விட்டவர்கள், ஒரு பிடிச் சோற்றின் முன்னால் நின்றுவிட்டார்கள். விசுவாசத்துக்குச் சோதனை எங்கே இருக்கிறது என்பதை அந்த இலை காட்டிக்கொடுத்தது.

வெள்ளைக்கார மிஷனரிகள் வந்துதான் நமக்குச் சமத்துவம் கற்பித்தார்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களிலும் சாதியோடு சமரசம் செய்தவர்கள் ஏராளம். நெல்லைப் பக்கம் வடக்கன்குளத்தில், மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபையாரின் பொறுப்பில் 1872இல் கட்டிய கோயிலைக் கால்சட்டைக் கோயில் என்பார்கள். சாதிக்கு ஒன்றாக இரண்டு கால்கள், சேர்கிற இடத்தில் பீடம், நடுவே சுவர். 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. மேல்சாதியார் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அன்று சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தப்பட்டவர்கள் நாடார்கள். சுவரின் தவறான பக்கத்தில் நின்ற சாதிகள் பின்னாளில் தமக்குக் கீழே புதுக் கோடு கிழித்த கதையையும் நாம் அறிவோம். படிநிலைச் சாதி அமைப்பு வேலை செய்கிற விதம் அது.

கோயிலுக்குள் விழுந்த சுவர் கல்லறையில் எழுந்தது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரிக்கிற சுவர் பற்றிப் பல முறை எழுதியாயிற்று. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி வன்முறை மூண்டது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அதே வருடம் மே மாதம் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டபோது நாம் கொண்டாடினோம். அதே கோபத்தோடு கல்லறைச் சுவர்களை நோக்கி நாம் போனோமா?

எங்கள் ஊரிலும் அப்படி ஒரு சுவர் உண்டு. இடுப்பளவுதான். ஆடு தாண்டிவிடும். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று சாமியார் அந்தப் பக்கக் கல்லறைகளை மந்திரித்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருவார். என் அம்மாச்சி எழுத்துத் தெரியாதவர். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒருசந்தி இருப்பார். ஒரு வருடம் கல்லறைத் திருநாளில், ஒரு மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். ஒரு கல்லறையில் பற்றவைத்தார். அவர் முப்பது வருடம் களையெடுத்த காட்டுக்குச் சொந்தக்கார அம்மாவின் கல்லறை அது. முணுமுணுப்பு எழுந்தது. ஒருவர் நேராகவே கேட்டார், இங்கே உனக்கென்ன வேலை என்று.

"மோட்சத்துல அவுகளும் நானும் ஒரே எடத்துலதான இருக்கணும். இங்கயே பழகிக்கிறேன்" என்றார் அம்மாச்சி.

அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அம்பேத்கரும் பெரியாரும் படித்து, கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருந்த காலம். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், இத்தனைக்குப் பிறகும் அந்தக் கோயிலுக்கு ஏன் போகிறீர்கள் என்று.

"ஏப்பா, சாமி என்ன அவிங்க பாட்டன் சொத்தா? நான் எதுக்குப் போகணும்? விட்டுவிடுறேன்னு நான் மட்டுமா சொன்னேன்? அவிங்களும்தான சொன்னாக. சொன்னத செய்யட்டும்."

அன்று எனக்கு அது அப்பாவித்தனமாகப் பட்டது. இன்று அப்படிப் படவில்லை. மதத்தைக் கேலி செய்கிற என்னைக் கண்டு எந்தப் பங்குப் பேரவையும் பயந்ததில்லை. நான் வெளியே நிற்கிறவன். ஆனால் மெழுகுவத்தியோடு சுவரைச் சுற்றிப் போன கிழவியை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் கொடுத்த வாக்கை அவர்களிடமே திருப்பிக் கேட்டார் அவர்.

இங்கே அண்ணல் அம்பேத்கரின் விமர்சனத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மதம் மாறிய தீண்டப்படாதோர் நிலை பற்றி எழுதியபோது, அவர்கள் ஏன் அநீதிக்கு எதிராகக் கிளர்ந்தெழவில்லை என்று அவர் கேட்டார். மனிதனின் வீழ்ச்சிக்கு அவனுடைய பாவம்தான் காரணம் என்று கற்பிக்கிற மதம், அவனை அழுத்துகிற சமூகச் சூழலைப் பார்க்கவிடாமல் செய்துவிடுகிறது என்பது அவர் காட்டிய காரணம். இன்றைய உபவாசக் கூட்டங்களுக்கு இது அப்படியே பொருந்தும். உன் குடியை விடு, உன் கோபத்தை விடு, உன் இச்சையை விடு. எல்லாத் தீமையும் தனியாள் உடம்புக்குள் இருக்கிறது. சேரிக்கு வராத சப்பரம், கல்லறையில் நிற்கிற சுவர், கூலி கேட்டால் வருகிற அடி ஆகியவற்றுக்குப் பிசாசு என்று யாரும் பெயர் வைப்பதில்லை.

பெயர் வைத்தவர்களும் இருந்தார்கள். அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு அவர்களில் முக்கியமானவர். பரட்டை என்ற பெயரில் பாட்டுக் கட்டியவர். கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் ஆண்ட கோயிலுக்குள் நாட்டுப்புற மெட்டையும் பறையையும் கொண்டுவந்தார். வீட்டுக்கு வீடு தனி உலை என்பதை மாற்றி, ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்பதைத் தன் இறையியலின் மையமாக வைத்தார். 1847இன் விருந்து வெள்ளைக்காரர் வைத்த பரீட்சை. அப்பாவு பேசிய உலை ஒடுக்கப்பட்டவர்களின் அடுப்பிலிருந்து வந்த அழைப்பு. துறவற மடத்தை விட்டு வெளியேறிய பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்ததும் மதுரையிலிருந்துதான். இந்த ஊருக்குத் தெ நொபிலியின் மரபு மட்டும் சொந்தமல்ல.

அரசின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியில் சேர்க்க மறுத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை தொடர்வதற்குச் சான்று காட்டுங்கள் என்று 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டது. கல்லறைச் சுவரை விடப் பெரிய சான்று என்ன வேண்டும்? இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் இந்தத் தடையை நீக்கச் சொன்னது. நீக்கவில்லை, 2022இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். என் அம்மாச்சி கல்லறையில் தலித். தாலுகா ஆபீசில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. சாதி போய்விட்டது என்று சொல்கிறது அரசு. போகவிட மாட்டோம் என்கிறது ஊர்.

ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிற போராட்டங்களில் ஆயர்களும் முன்வரிசையில் நிற்கிறார்கள். நல்லது. அரசிடம் நீதி கேட்கிற அதே கை, தன் கல்லறைச் சுவரிலும் கை வைக்க வேண்டும். 2003 நவம்பரில், சாதிப் பாகுபாடு உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு முரண் என்று தமிழக ஆயர்களிடமே பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் சொன்னார். அதற்குமேல் எந்த அனுமதிக்காகக் காத்திருக்கிறார்கள்?

இளம் தோழர்களே, உங்களிடம் இரண்டு சொல்ல விரும்புகிறேன். விசுவாசிகளாக இருப்பவர்களுக்கு: உலகத்தை எதிர்ப்பது உங்கள் கடமை என்றால், உங்கள் பங்கில் உலகம் எங்கே நிற்கிறது என்று அடையாளம் காணுங்கள். கல்லறை எத்தனை? சப்பரம் எந்தத் தெருவோடு திரும்புகிறது? கோயிலில் வாசிக்கிற கல்யாண ஓலைகளில் சாதி தாண்டியவை எத்தனை? இவற்றைப் பங்குப் பேரவையில் எழுந்து கேளுங்கள். என்னைப் போல் வெளியே வந்தவர்களுக்கு: உள்ளே இருந்து கேட்கிறவர்களைத் தனியாக விடாதீர்கள். அவர்களுடைய ஜெபத்தில் சேர வேண்டியதில்லை. அவர்களுடைய மனுவில் கையெழுத்துப் போடலாம்.

எங்கள் ஊர் இளைஞர்கள் சுவரை எடுக்கச் சொல்லி ஒரு மனுக் கொடுத்திருக்கிறார்கள். சமாதானமாக இருங்கள், காலம் கனியட்டும் என்று பதில் வந்தது. அந்த மனுவில் முதலில் இருப்பது என் அம்மாச்சியின் கைநாட்டு. அவர் இப்போது சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கிறார். வருகிற நவம்பர் 2 அன்று நானும் போகிறேன். ஒரு மெழுகுவத்தி இந்தப் பக்கத்துக்கு. இன்னொன்றை எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றிப் போகப் போகிறேன்.