ஐ5, ஐ7 என்றால் போதுமா?

பாவித்த லெப்டொப் வாங்கப் போகும் நமது வியாபாரிகள் கேட்கும் முதல் கேள்வி, "ஐ5 ஆ, ஐ7 ஆ?" என்பதுதான். "ஐ7" என்று பதில் வந்ததும் கூடுதல் விலை கொடுக்கவும் தயாராகி விடுகிறார்கள். ஆனால் அந்தப் பதில் அரைவாசிதான். புரொசசர் எத்தனையாம் தலைமுறை என்பதே மற்ற அரைவாசி.

ஐ3, ஐ5, ஐ7 என்பன ஒரே காலத்தில் வெளிவந்த புரொசசர்களைத் தரம் பிரிக்கும் பெயர்கள் மட்டுமே. 2013 இல் வந்த ஐ7 4600யூ இல் இரண்டு கோர்கள். 2017 இல் வந்த ஐ5 8250யூ இல் நான்கு கோர்கள். இங்கே பெயரில் பெரியது, வேலையில் சிறியது.

தலைமுறையை அறிவது கஷ்டமான காரியமல்ல. விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் புரொசசரின் முழு இலக்கம் தெரியும். இன்டெல் ஐ வரிசையில் நான்கு இலக்கம் இருந்தால் முதலாவதுதான் தலைமுறை. 6300 ஆறாவது, 8250 எட்டாவது. இலக்கம் 1 இல் தொடங்கினால் முதல் இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். 10210 பத்தாவது, 1135 பதினோராவது. வெளியே ஒட்டியுள்ள ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். அதை யாரும் மாற்றி ஒட்டலாம்.

ஏஎம்டி ரைசனில் இந்தக் கணக்குச் சரிவராது. ரைசன் 7520யூ இல் உள்ள 7 ஐப் பார்த்துப் புதியது என்று எண்ணக்கூடாது. அதன் உள்ளமைப்பு மூன்றாவது இலக்கத்தில் இருக்கிறது. அங்கே உள்ள 2, பழைய 'சென் 2' அமைப்பைக் குறிக்கிறது.

இதனால் என்ன நட்டம்? விண்டோஸ் 10 க்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 க்கு, இன்டெல் என்றால் ஒரு சில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறையாவது வேண்டும். பழைய மெஷினில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஐப் போட்டு விற்பவர்களும் உண்டு. அத்தகைய மெஷினுக்குப் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தருவதில்லை. கடைக் கணக்கும் வங்கிக் கொடுக்கல் வாங்கலும் அதற்குள்தானே இருக்கின்றன?

பழைய மெஷினை விற்பது தவறல்ல. பில் அடிப்பதற்கு மட்டும் ஒன்று தேவைப்படுபவர், பழையதென்று தெரிந்து அதற்கேற்ற விலைக்கு வாங்கினால் இரு தரப்புக்கும் இலாபம். வயதை மறைத்து விற்பதுதான் தவறு. நிறுவையில் குறைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆகவே, கம்பியூட்டர் வியாபாரம் செய்யும் நமது சகோதரர்கள் புரொசசரின் முழு இலக்கத்தையும் பில்லில் எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்குபவர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் கடையில், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.