வேலையும் வேளையும்

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கோடு இந்தியாவுக்கு வந்து சேர்ந்த புதுப் பழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். மென்பொருள் நிறுவன ஊழியர்களும் வங்கி அதிகாரிகளும் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு திண்டாடியபோதுதான் அது பெரிய செய்தியானது. ஆனால் லக்னோவில் சிக்கன் எம்பிராய்டரி போடுபவர்கள், மும்பையில் அப்பளம் இடுபவர்கள், பெங்களூரில் ஊதுபத்தி உருட்டுபவர்கள், திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றுபவர்கள் எல்லாம் தலைமுறை தலைமுறையாக வீட்டையே தொழிற்கூடமாக வைத்திருப்பவர்கள். ட்யூஷன் எடுப்பவர்கள், ரவிக்கை தைப்பவர்கள், என்னைப் போல் மொழிபெயர்ப்பவர்கள் இந்த வரிசையில் பிற்பாடு சேர்ந்தவர்கள்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான பிரச்னை நேரம். ஆபீஸுக்குப் போகிறவரின் நேரத்தை ஆபீஸ் பார்த்துக்கொள்கிறது. வருகைப் பதிவேடு, மதிய உணவு இடைவேளை, ஐந்தரை மணி பஸ் எல்லாம் சேர்ந்து அவர் நாளை வகுத்து வைத்துவிடுகின்றன. வீட்டில் வேலை செய்பவருக்கு அப்படி யாரும் வகுத்துத் தருவதில்லை. காலை எட்டு மணிக்குத் தொடங்க வேண்டிய வேலை பதினொன்றுக்குத் தொடங்கும். மாலை ஐந்துக்கு முடிய வேண்டியது இரவு பன்னிரண்டுக்கும் முடியாது. நடுவே சோம்பி உட்கார்ந்திருந்ததாகவும் நினைவிருக்காது. இதற்கு ஆலோசனை சொல்லும் புத்தகங்கள் ஏராளம். விடியற்காலையில் எழுந்திருங்கள், செய்ய வேண்டியவற்றைப் பட்டியல் போடுங்கள், தனி அறையில் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் என்கின்றன. கதவைச் சாத்திக்கொண்டால் அந்தப் பக்கம் குக்கரை அணைப்பது யார் என்பதை மட்டும் சொல்வதில்லை.

இந்த விஷயத்தில் புத்தகங்களைவிட லிஜ்ஜத் அப்பளத்திடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 1959 மார்ச்சில் மும்பை கிர்காவ் பகுதியில் குஜராத்திப் பெண்கள் ஏழு பேர் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டைமாடியில் தொடங்கிய தொழில் அது. இன்று 40,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் உறுப்பினர்கள். தொடங்கியவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. வியாபார வெற்றிக்காக இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. வீட்டையும் வேலையையும் அது எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

அங்கே மாவு பிசைவது வீட்டில் நடக்கும் காரியம் அல்ல. அதிகாலையிலேயே கிளையில் பிசைந்து தயாராக வைத்துவிடுகிறார்கள். உறுப்பினர்கள் காலையில் போய், முந்தின நாள் இட்ட அப்பளத்தைக் கொடுத்து, எடையும் தரமும் பார்த்து, இட்டதற்கான கூலியைக் கணக்குத் தீர்த்துக்கொண்டு, அன்றைய மாவோடு வீடு திரும்புகிறார்கள். புதிதாகச் சேர்பவரின் வீட்டில் அப்பளம் இடவும் உலர்த்தவும் சுத்தமான இடம் இருக்கிறதா என்பதும் பார்க்கப்படுகிறது.

ஆக, வேலைக்கு ஓர் அளவு உண்டு: இன்றைக்கு இவ்வளவு மாவு. வேலைக்கு ஒரு முடிவு உண்டு: நாளைக் காலையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வேலைக்கு ஓர் இடமும் உண்டு: இந்த மூலை அப்பளத்துக்கு. இவற்றோடு நான்காவதாக ஒன்று. கவனிக்காமல் விட்டால் மாவு காய்ந்துபோகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பலகையும் குழவியுமாக உட்கார்ந்திருக்கும் மருமகளை ‘கொஞ்சம் எழுந்து வாம்மா’ என்று கூப்பிடுவதற்கு முன் மாமியார் ஒருமுறை யோசிப்பார்.

மொழிபெயர்ப்பாளருக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. காய்ந்துபோகிற மாவு இல்லை. திரையை வெறித்துக்கொண்டிருப்பவர் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது பார்ப்பவருக்குத் தெரிய நியாயமில்லை. ‘சும்மாதானே உட்கார்ந்திருக்கே, சிலிண்டர் வந்திருக்கு, போய்ப் பாரேன்’ என்று சொல்வதில் யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் ஆங்கில வாக்கியத்தில் முன்னாலேயே வந்துவிடுகிற வினைச்சொல் தமிழில் கடைசியில் வந்து உட்காரும். முழு வாக்கியத்தையும் மனதில் ஏந்திக்கொண்டுதான் தமிழில் முதல் சொல்லை எழுத முடியும். சிலிண்டரை வாங்கி வைத்துவிட்டு வந்தால் ஏந்தியது சிந்தியிருக்கும். மறுபடி தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டும். அரைமணித் துண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் கணக்குப் பாடத்தில் ஆறு மணி நேரம். இந்தத் தொழிலில் அது மூன்று மணி நேர வேலைகூட ஆகாது. கணக்கு எழுதித் தருபவருக்கும் பாடத்திட்டம் தயாரிக்கும் ஆசிரியைக்கும் இதே கதைதான்.

எனவே இப்படிப்பட்ட வேலை செய்பவர்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், தங்கள் வேலைக்கும் ஒரு மாவு உருண்டையைத் தயார் செய்துகொள்வது. ‘இன்று முழுக்க எழுதப் போகிறேன்’ என்பதில் அளவும் இல்லை, முடிவும் இல்லை. ‘இன்று ஐந்து பக்கம்’ என்பதில் இரண்டும் இருக்கிறது. அதை ஒரு தாளில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தால் இன்னும் நல்லது. ஐந்தில் மூன்று முடிந்திருக்கிறது என்பது பத்து வயதுக் குழந்தைக்கும் புரியும். பத்திரிகை ஆசிரியரிடமோ பதிப்பாளரிடமோ மாதக் கடைசியில் 120 பக்கங்களை மொத்தமாகத் தருவதாக ஒப்புக்கொள்வதைவிட, வாரம் 30 பக்கமாகத் தருவதாகச் சொல்வது மேல். கெடு வெளியிலிருந்து வந்தால் வீடு மதிக்கும். நாமே நமக்கு வைத்துக்கொள்ளும் கெடுவை யாரும், நாமும்கூட, மதிப்பதில்லை.

அடுத்தது, வேலைகளை ரகம் பிரிப்பது. இடையூறு தாங்காத வேலைகள் சில. எத்தனை முறை எழுந்து போனாலும் விட்ட இடத்தில் தொடரக்கூடியவை சில. முதல் வரைவு எழுதுவது முதல் ரகம். பெயர்களையும் ஆண்டுகளையும் சரிபார்ப்பது, கலைச்சொல் பட்டியல் போடுவது, பில் எழுதுவது, வராத பணத்துக்கு நினைவூட்டுவது எல்லாம் இரண்டாவது ரகம். தமிழில் ஓர் எழுத்து வித்தியாசத்தில் வேலை வேறு, வேளை வேறு. எந்த வேலைக்கு எந்த வேளை என்று பொருத்துவதில்தான் விஷயம் இருக்கிறது.

வீட்டுக்கென்று ஒரு கடிகாரம் உண்டு. தண்ணீர் வரும் நேரம், ஸ்கூல் வேன் வரும் நேரம், பாத்திரம் தேய்க்க வருபவரின் நேரம், பெரியவர்களுக்கு மாத்திரை தரும் நேரம் என்று அதன் முட்கள் நகர்கின்றன. ஒரு வாரம் அதைக் கவனித்துக் குறித்து வைத்தால், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு இரண்டரை, மூன்று மணி நேரம் அதிகம் உடையாமல் கிடைப்பது தெரியும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்த நேரம்தான் பெருக்கவும் துணி மடிக்கவும் போகிறது. ‘வீட்டு வேலையை முடித்துவிட்டு நிம்மதியாக உட்காரலாம்’ என்ற எண்ணமே காரணம். வீட்டு வேலை முடிவதே இல்லை என்பதை மறந்துவிடுகிறோம். துணியை மாலையில், டெலிவிஷன் சத்தத்துக்கும் பிள்ளைகள் சண்டைக்கும் நடுவில் உட்கார்ந்தும் மடிக்கலாம். முதல் வரைவை அப்படி எழுத முடியாது.

இவ்வளவும் செய்த பிறகும் பாதிப் பிரச்னை அப்படியே இருக்கும். ஏனென்றால் அது நேரத்தைப் பற்றிய பிரச்னை மட்டுமல்ல, பங்கீட்டைப் பற்றியதும்கூட. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். குழந்தைகளையும் முதியவர்களையும் கவனித்துக்கொள்வது தனிக் கணக்கு: பெண்களுக்கு 137 நிமிடம், ஆண்களுக்கு 75. வேடிக்கை என்னவென்றால், 2019-இல் நடந்த இதே ஆய்வில் வீட்டு வேலைக் கணக்கு முறையே 299, 97 நிமிடங்களாக இருந்தது. இடையில் ஊரடங்கு வந்து, ஒரு வீடு எப்படி நடக்கிறது என்பதை ஆண்கள் பலர் மாதக்கணக்கில் கிட்டத்திலிருந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு பெண்களின் நேரம் 10 நிமிடம் குறைந்தது; ஆண்களின் நேரமும் 9 நிமிடம் குறைந்துவிட்டது!

மொழியே இந்தப் பங்கீட்டுக்குச் சாட்சி சொல்கிறது. இல்லாள் என்றால் வீட்டுக்கு உரியவள், மனைவி. அதற்கு ஆண்பால் போலத் தோன்றும் இல்லான் என்ற சொல்லுக்கு ஒன்றும் இல்லாதவன், வறியவன் என்று பொருள். வீடு பெண்ணுக்கு அடையாளம்.  இன்றும் ஆண்கள் வீட்டு வேலையில் ‘உதவி’ செய்கிறார்கள். உதவி என்று சொன்ன மாத்திரத்தில் வேலையின் சொந்தக்காரர் வேறொருவர் என்று ஆகிவிடுகிறது. என்ன செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும் என்று நினைவு வைத்துக்கொள்ளும் சுமை அவரிடமே தங்கிவிடுகிறது. வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்ணின் முதுகை ஒடிப்பது பாத்திரமும் துணியும் மட்டுமல்ல. இந்த நினைவுச் சுமையும்தான்.

இதற்குச் சுலபமான ஒரு சாதனம் இருக்கிறது. பெரிய கட்டங்கள் உள்ள மாதக் காலண்டர். மின்கட்டணத்துக்குக் கடைசி நாள், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், தாத்தாவின் ரத்தப் பரிசோதனை, பால் கணக்கு என்று ஒருவர் தலைக்குள் இருப்பதையெல்லாம் அதில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயரை எழுதிச் சுவரில் மாட்ட வேண்டும். பெயர் எழுதிய பிறகு அந்த வேலை முழுசாக அவருடையது. மின்கட்டணம் கட்ட அவர் மறந்தால் மின்வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. நினைவூட்டும் வேலையை மனைவியே வைத்துக்கொண்டால் காலண்டர் சுவருக்கு அலங்காரம்தான். அரிசி களைந்து குக்கர் வைக்க 12 வயதுப் பையனால் முடியும். அவனுக்கு அது தண்டனை அல்ல. பின்னாளில் அவன் மனைவிக்குப் போகும் சீதனம்.

பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேராக வாழ்பவர்களுக்கு இந்த யோசனைகள் எவ்வளவு தூரம் பயன்படும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எண்ணிக்கைக்குக் கூலி என்ற முறையில் ஆபத்தும் இருக்கிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று இருக்கும்போது, ஆயிரத்தை எட்டுவதற்கு எத்தனை மணி நேரம் ஆனது, எத்தனை பேர் கை கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுப்பாடத்தை ஒதுக்கிவிட்டு இலை வெட்டித் தரும் பெண் குழந்தையின் நேரமும் அந்தக் கூலிக்குள் மறைந்துவிடுகிறது. தொட்டில் குழந்தையோ படுக்கையில் இருக்கும் முதியவரோ உள்ள வீட்டில் எந்தக் காலண்டராலும் தீர்வு வராது. அங்கே தேவை குழந்தைக் காப்பகமும் கைமாற்ற ஓர் ஆளும்தான்.

சட்டம் இவர்களைப் பார்ப்பதற்கே வெகுகாலம் பிடித்தது. 1972-இல் இலா பட் ஆமதாபாத்தில் ‘சேவா’ அமைப்பைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது, முதலாளி யார் என்று காட்ட முடியாதவர்களுக்குச் சங்கம் எதற்கு என்று தொழிலாளர் துறை தயங்கியது. வீடுசார் வேலை செய்பவர்களையும் மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆவது உடன்படிக்கை 1996-இல் நிறைவேறியது. இந்தியா அதற்கு இன்னும் ஒப்புதல் அளிக்கவில்லை. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தினார்கள். தன் வீட்டில் ஒற்றை ஆளாக வேலை செய்பவர் அந்த எண்ணிக்கைக்குள் எங்கே வருவார்?

கணக்கெடுப்பிலும் இதே நிலைதான். தேசிய மாதிரி ஆய்வில் வீட்டு வேலை மட்டும் செய்பவர்களுக்கு 92 என்ற குறியீடு உண்டு. அவர்கள் தொழிலாளர் எண்ணிக்கையில் சேரமாட்டார்கள். கணக்கெடுக்க வருபவர் ‘என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்று கேட்டால், காலையிலிருந்து அப்பளம் இட்டுக்கொண்டிருக்கும் பெண்கூட ‘வீட்டிலேதான் இருக்கிறேன்’ என்று சொல்லிவிடுவது உண்டு. அந்தப் பதிலோடு அவருடைய உழைப்பு புள்ளிவிவரத்திலிருந்து காணாமல் போகிறது. அரசின் கணக்கில் இல்லாத உழைப்புக்குக் காப்பகம் யார் கட்டுவார்கள்?

அதனால் ஒழுங்கு என்பதை அதிகாலையில் எழுவதிலிருந்து தொடங்குவதைவிட, செய்வதை வேலை என்று சொல்வதிலிருந்து தொடங்கலாம். வீட்டில் இருப்பவர்களிடமும், ரேட் பேசும் பதிப்பாளரிடமும், வாசலில் நோட்டோடு வந்து நிற்கும் கணக்கெடுப்பாளரிடமும் அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். ‘நான் வேலை செய்கிறேன், இன்று ஐந்து பக்கம் முடிக்க வேண்டும்’ என்று சொல்லப் பழகியவர் வீட்டில், சிலிண்டர் வரும்போது எழுந்து போக வேறு ஒருவர் கிடைப்பார்.