ரெண்டு வாத்தியார், அஞ்சு வகுப்பு!

காலை எட்டு மணிக்குக் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் பஸ் ஸ்டாப் பக்கம் நின்றால் ரெண்டு வண்டிகளைப் பார்க்கலாம். ஒன்று, தீப்பெட்டி ஆபீசுக்குப் பெண்களை ஏற்றிப் போகிற வண்டி. மற்றது, டையும் ஷூவும் மாட்டிய பிள்ளைகளை ஏற்றிப் போகிற நர்சரி ஸ்கூல் வேன். இரண்டும் போன பிறகு ஊரில் மிச்சம் இருக்கிற பிள்ளைகள்தான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் போய் உட்காருகிறார்கள்.

அந்தப் பிள்ளைகளிடம் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, "கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல என்னத்த படிக்குது?" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள் பெரிய மனிதர்கள்.

வாசிப்பு மோசம்தான். மறைத்துப் பயனில்லை. 'அசர்' என்ற அமைப்பு நாடு முழுக்கக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சோதிக்கிறது. தமிழ்நாட்டில் மூணாம் வகுப்புப் பிள்ளைகளில் ரெண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்காமல் வாசித்தவர்கள் 2018ல் நூற்றுக்குப் பத்துப் பேர். கொரோனாவுக்குப் பிறகு 2022ல் அது ஐந்தாக விழுந்தது. 2024ல் பன்னிரண்டுக்கு ஏறியது. இதில் வேனில் போகிற பிள்ளைகளும் அடக்கம் என்பதைப் பெரிய மனிதர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் மார்க்கைப் பார்க்கிறவர்கள், பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. அங்கேதான் கோளாறு.

காசு உள்ள வீட்டுப் பிள்ளை மூணு வயதிலேயே எல்.கே.ஜி.க்குப் போய்விடுகிறது. அரசு 2019ல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பித்தது. நல்ல காரியம். ஆனால் அது நடுநிலைப் பள்ளி வளாகங்களோடு நின்றது. சின்ன ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு வருகிற பிள்ளை ஐந்து வயது முடிந்து, பென்சிலை முதல் தடவை அங்கேதான் பிடிக்கிறது. அப்பன் கட்டட வேலை, ஆத்தா தீப்பெட்டி ஆபீஸ் அல்லது உளுந்து பறிக்கிற கூலி. ராத்திரி பாடம் சொல்லித் தர வீட்டில் ஆள் கிடையாது. தை, மாசியில் அறுப்பு என்றால், கைப்பிள்ளையைப் பார்க்க மூத்த பெண் பள்ளிக்கூடத்துக்கு மட்டம்.

இந்தப் பிள்ளைகள் பெஞ்சுக்கு வந்து சேர்ந்ததே லேசான கதை அல்ல. 1970, 80களில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் முதல் வண்டியில் ஏறியது பெண்கள் மட்டும் அல்ல, பிள்ளைகளும்தான். விடியும் முன்னே, தூங்கி வழிந்துகொண்டே. கட்டையில் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் பிஞ்சு விரல்தான் தோது என்றார்கள்! 1986ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் சிவகாசி வழக்கில் சுப்ரீம் கோர்ட், பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

சட்டத்துக்கு முன்னே சோறும் இழுத்தது. காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்தது 1956ல், பக்கத்து எட்டயபுரத்தில்தான். 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவு ஆக்கினார். 2023 ஆகஸ்டு முதல் அரசுத் தொடக்கப் பள்ளி எல்லாவற்றிலும் காலைச் சாப்பாடும் உண்டு. ஆத்தா ஏழு மணிக்கே வண்டி ஏறிவிட்டாலும் பிள்ளை பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

வயிறு நிறைந்தாகிவிட்டது. சொல்லிக் கொடுக்க ஆள்?

2009ம் வருஷக் கட்டாயக் கல்விச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை ரெண்டு வாத்தியார். 61 ஆனால்தான் மூணாவது ஆள். கரிசல் ஊர்களில் அறுபதைத் தாண்டாத பள்ளிகள் நிறைய. ஆக வகுப்பு அஞ்சு, வாத்தியார் ரெண்டு. ஒருவர் ஒன்று முதல் மூன்று, மற்றவர் நாலும் அஞ்சும். 2022ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று தரம் பிரித்துச் சொல்லிக் கொடுக்கச் சொல்கிறது. யோசனை நல்ல யோசனை. ஆனால் மூணு வகுப்பு, மூணு தரம், ஒரே டீச்சர், ஒரே நேரம்! ஓட்டர் லிஸ்ட் வேலை, டிரெய்னிங் என்று ஒருவர் போய்விட்டால் மிச்சம் இருக்கிறவர் அஞ்சு வகுப்புக்கும் காவல்காரர். அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான்.

சுவர்களுக்குப் பணம் கிடைக்கிறது. 2021ல் கி.ராஜநாராயணன் மறைந்தபோது, இடைசெவலில் அவர் படித்த பள்ளியைப் புதுப்பிப்போம் என்று அரசு அறிவித்தது. சந்தோஷம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020ல் வந்தது. பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டம் 2022ல் வந்தது. இரண்டுக்கும் அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால் போதும். விவரமான பெற்றோர் கணக்குப் போடாமல் இருப்பார்களா? "அஞ்சு வரைக்கும் வேன், ஆறுல இருந்து கவர்மெண்டு" என்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அடி விழுவது தொடக்கப் பள்ளிக்கு. வேன் ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையோடும் தலைக்கணக்கு குறைகிறது. அறுபத்தைந்து ஐம்பத்தெட்டு ஆனால், மூணாவது வாத்தியாரும் வேறு ஊருக்கு மாற்றல். அவர் போனதும், வாத்தியார் இல்லை என்று இன்னும் நாலு பிள்ளை வேன் ஏறும். கடைசி வரை ஏற முடியாமல் நிற்பது யார்? கூலி வீட்டுப் பிள்ளை, பெரும்பாலும் காலனிப் பிள்ளை. பெரியவர்கள் உதட்டைப் பிதுக்குவது அந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான்.

வருஷா வருஷம் ஆகஸ்டு 1ந் தேதி நிலவரப்படி தலையை எண்ணித்தான் வாத்தியார் பணியிடம் முடிவாகிறது. அன்றைக்குத் தலையோடு வகுப்பையும் எண்ணினால் என்ன? அஞ்சு வகுப்பு இருக்கிற பள்ளிக்கு, பிள்ளை எத்தனையானாலும் மூணு வாத்தியாருக்குக் குறையக் கூடாது என்று உத்தரவு போட எந்தச் சட்டம் தடுக்கிறது? 60க்கு ரெண்டு என்பது குறைந்தபட்சம்தானே, உச்சவரம்பா?

கோவில்பட்டி, கயத்தாறு, விளாத்திகுளம், புதூர், ஓட்டப்பிடாரம் ஒன்றியங்களில் முதலில் செய்து பார்க்கலாம். கல்வி இலாகா கவனிக்குமா?