அன்னதானம் மட்டும் போதுமா?

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனவர்கள் மலைப்படி ஓரத்திலோ ரயில் நிலையத்திலோ இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். அழுக்குத் துணி, சிக்குப் பிடித்த தலைமுடி, தனக்குத் தானே பேசிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர். பலர் "பைத்தியம்" என்று விலகிப் போகிறார்கள். இரக்கம் உள்ளவர்கள் ஒரு பொட்டலம் சாப்பாடு கொடுக்கிறார்கள். அதோடு கடமை முடிந்துவிட்டதா?

சோற்றுக்கு அங்கே பஞ்சம் இல்லை. 2021-ல் இருந்து இந்தக் கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. நல்ல விஷயம் தான். ஆனால் மனநோய் சோற்றால் தீராது. மருந்து வேண்டும், தங்க இடம் வேண்டும், கவனிக்க ஆள் வேண்டும்.

இவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் வீடு உள்ளவர்கள் தான். கூலி வேலை செய்யும் குடும்பத்தில் ஒருவருக்கு மனநோய் வந்தால், அவருடைய வருமானம் போகும். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிறவரின் அன்றைய கூலியும் போகும். சில மாதத்தில் மருந்து நிற்கும், நோய் திரும்பும். ஒருநாள் அவர் ஏதோ ஒரு ரயிலில் ஏறிவிடுவார். ஏழ்மையால் நோய் முற்றுகிறது, நோயால் ஏழ்மை முற்றுகிறது!

திருத்தணியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1960 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. சென்னையிலிருந்து திருப்பதிக்கும் மும்பைக்கும் போகும் ரயில் பாதையில் இருக்கிறது. இங்கே வந்து இறங்குகிறவர் எந்த மொழி பேசுவார் என்று சொல்ல முடியாது. புரியாத மொழியில் பேசினாலே "உளறுகிறார்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஊர் பெயரைக் கூட யாரும் கேட்பதில்லை.

புண்ணியத் தலத்தில் விட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அங்கே தர்காவை ஒட்டிய தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

அதன்பின் வந்த சட்டங்களில் முக்கியமானது 2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம். மனநோயோடு தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் தெருவில் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது அந்தப் பகுதி காவல் நிலையத்தின் கடமை என்கிறது அது. 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டு குடும்பத்தைத் தேட வேண்டும். வீடில்லாதவருக்குச் சிகிச்சை இலவசம், ரேஷன் கார்டு எதுவும் தேவையில்லை. இத்தனையும் சட்டத்தில் இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்?

குணமாகாது என்று சொல்வதும் தவறு. 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம் பெண்கள் சென்னையில் "தி பேனியன்" அமைப்பைத் தொடங்கினார்கள். தெருவில் விடப்பட்ட எத்தனையோ பெண்கள் அங்கே சிகிச்சை பெற்றுக் குடும்பத்தோடு சேர்ந்திருக்கிறார்கள்.

அடுத்த முறை திருத்தணி போகிறவர்கள் சாப்பாடு கொடுக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? கூடவே காவல் நிலையத்துக்கு ஒரு தகவலும் சொல்லட்டும். என்ன செய்வது என்று தெரியாவிட்டால் 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது, இலவசம், இரவிலும் எடுப்பார்கள். ஒரு வேளைச் சோறு அன்றைக்கு உதவும். அந்த ஒரு போன் அவரை வீட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.